கொப்பி நிறையப் பாலங்கள்

அன்புள்ள அண்ணா,

நீங்கள் எழுதிய ஏழு பாலப் புதிரை மகனுக்குக் கொடுத்தேன். தரம் 8 படிக்கிறான். ஒரு கிழமையாகக் கொப்பி நிறையக் கீறிவிட்டு, "அம்மா, இது ஏலாது" என்கிறான். இத்தனை தடவை சரிவரவில்லை என்றால் ஏலாது என்றே முடிவெடுக்கலாமா?

வாசகி, கல்லடி, மட்டக்களப்பு

அன்புள்ள தங்கைக்கு,

முடிவெடுக்கக் கூடாது. நூறு தடவை தோற்றாலும் நூற்றோராவது வழி இருக்கலாம்.

புதிரை மறந்தவர்களுக்கு: ஐரோப்பாவில் கோனிக்ஸ்பெர்க் என்ற நகரின் ஊடாக ஓடிய ஆறு, அதை நான்கு நிலத்துண்டுகளாகப் பிரித்தது. ஏழு பாலங்கள். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை கடந்து ஊரைச் சுற்ற முடியுமா?

ஏழு பாலங்களை 5,040 விதமாக வரிசைப்படுத்தலாம். மகன் அத்தனையையும் கீறிப் பார்த்தால் ஏலாது என்பது உறுதியாகிவிடும். ஆனால் ஏன் ஏலாது என்பது அப்போதும் தெரியாது. 1735இல் ஒய்லர் என்ற கணித மேதை தேடியது அந்த 'ஏன்' என்பதைத்தான். ஒரு நிலத்துக்குள் வர ஒரு பாலம், வெளியே போக இன்னொன்று. ஆகவே வழியில் வரும் நிலத்தின் பாலங்கள் சோடி சோடியாகத்தான் செலவாகும். தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் மட்டுமே ஒற்றைப்படையில் பாலம் இருக்கலாம். கோனிக்ஸ்பெர்க்கில் ஆற்றின் நடுத்தீவுக்கு 5 பாலங்கள், மற்ற மூன்றுக்கும் தலா 3. நான்குமே ஒற்றை! அதனால்தான் ஏலாது. புளியங்கொட்டையைக் கைக்குள் பொத்தி நாம் கேட்ட 'ஒற்றையா இரட்டையா'தான் இது. பரீட்சைக்கு வராத விளையாட்டு என்று இதை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

உங்கள் வாசலிலேயே இதைக் காட்டலாம். கல்லடியில் 1924இல் கட்டிய பாலம் மட்டும் இருந்தபோது, அதைக் கடந்து போனவர் அதாலேதான் திரும்ப வேண்டும். 2013இல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்தது. இப்போது பழையதால் போய்ப் புதியதால் வீட்டுக்கு வரலாம். ஒரு பாலம் கூடியதும் இரண்டு கரையின் கணக்கும் ஒற்றையிலிருந்து இரட்டைக்கு மாறிவிட்டது. ஒரு பின்னேரம் மகனை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். இந்தப் பதிலை இப்போதைக்குக் காட்ட வேண்டாம். ஒவ்வொரு நிலத்துக்கும் எத்தனை பாலம் என்று மட்டும் எண்ணச் சொல்லுங்கள், மிச்சத்தை அவனே பிடித்துவிடுவான்.

பிடித்த பிறகு இதைக் கொடுங்கள். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அந்த ஏழில் இரண்டு அழிந்தன: நடுத்தீவிலிருந்து வடகரைக்குப் போன ஒன்று, தென்கரைக்குப் போன ஒன்று. மீதி ஐந்தை வைத்துத் திரும்பக் கீறட்டும். இந்தத் தடவை வழி இருக்கிறது. எங்கே தொடங்க வேண்டும் என்பதை அவன் எனக்கு எழுதட்டும்.

அன்புடன்,
அண்ணா