மகன் பெயரில் போட்ட பணம்

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். மகன் பிறந்தபோது அவன் பெயரில் யூடிஎம்ஏ கணக்கு (சிறுவர் பெயரில் பெரியவர் நிர்வகிக்கும் கணக்கு) தொடங்கி, மாதாமாதம் பணம் போட்டு வந்தேன். கணக்கை நிர்வகிக்கும் கஸ்டோடியன் நான்தான். அவனுக்கு இப்போது 16 வயது. கணக்கில் சுமார் 40,000 டாலர் இருக்கிறது. வீடு வாங்க முன்பணம் குறைகிறது. நான் போட்ட பணம்தானே, எடுத்துக்கொண்டு இரண்டு வருடத்தில் திருப்பி வைத்துவிடலாமா?

பதில்: எடுக்காதீர்கள்.

போட்டது நீங்கள்தான். ஆனால் போட்ட அன்றே அது மகனுடையதாகிவிட்டது. சட்டப்படி அது திரும்பப் பெற முடியாத கொடை. மனம் மாறி இன்னொரு பிள்ளை பெயருக்கு மாற்றவும் முடியாது. அப்பா பணம், பிள்ளை பணம் என்று நம் வீடுகளில் பிரித்துப் பேசிப் பழக்கமில்லை. அதனால்தான் இந்தக் குழப்பம் எனக்கு அடிக்கடி கடிதமாக வருகிறது.

திருப்பி வைக்கும் எண்ணம் இருந்தாலும், கஸ்டோடியன் தனக்குத்தானே கடன் கொடுத்துக்கொள்வது பொறுப்பு மீறல்தான். 14 வயது நிரம்பிய பிள்ளை, நீதிமன்றம் மூலம் கஸ்டோடியனிடம் கணக்குக் கேட்கலாம். ‘என் பையனா கோர்ட்டுக்குப் போவான்?’ என்பீர்கள். போகமாட்டான்தான். ஆனால் விவாகரத்து, பாகப்பிரிவினை என்று ஏதாவது வந்தால், பழைய ஸ்டேட்மென்டுகளை வக்கீல்கள் தோண்டி எடுப்பார்கள்.

அவனுக்காகச் செலவழிக்கத் தடையில்லை. கோடை முகாம், லேப்டாப், தேர்வுப் பயிற்சி எல்லாம் சரி, ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடும் இருப்பிடமும் பெற்றோர் எப்படியும் செய்ய வேண்டிய கடமை. அவற்றை இந்தப் பணத்தில் ஈடுகட்டினால் சிக்கல்.

வீட்டைவிட அவசரமாக நீங்கள் யோசிக்க வேண்டியது கல்லூரி உதவித்தொகை. ஃபாஃப்சா (அமெரிக்க அரசின் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பம்) கணக்கீட்டில் மாணவர் பெயரில் உள்ள சொத்தில் 20 சதவீதத்தைப் படிப்புக்குத் தர முடியும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெற்றோர் சொத்து என்றால் அதிகபட்சம் 5.64 சதவீதம்தான். 40,000 டாலருக்கு 8,000 எங்கே, 2,256 எங்கே! இதே பணத்தை அவன் பெயரிலேயே கஸ்டோடியல் 529 என்ற கல்விச் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றினால், பெற்றோர் சொத்தாகவே கணக்கில் வரும். 529 ரொக்கத்தை மட்டுமே ஏற்கும் என்பதால், கணக்கில் பங்குகள் இருந்தால் அவற்றை முதலில் விற்றாக வேண்டும். லாபத்துக்கு வரி உண்டு. 2025 விதிப்படி அவனுடைய முதலீட்டு வருமானம் 2,700 டாலரைத் தாண்டினால், மிஞ்சும் தொகைக்கு உங்கள் வரி விகிதம் பொருந்தும். எனவே ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் விற்றுவிடாமல், முதலில் வரி ஆலோசகரிடம் கேளுங்கள். 529-க்குப் போன பிறகும் பணம் அவனுடையதே.

யூடிஎம்ஏ-யில் மிஞ்சுவதை, டெக்சாஸ் சட்டப்படி 21 வயதில் நிபந்தனையின்றி அவனிடம் ஒப்படைக்க வேண்டும். பைக் வாங்குவானோ, படிப்பானோ, அது அவன் விருப்பம். கணக்கு இருப்பதையே பிள்ளையிடம் மறைக்கும் பெற்றோர் உண்டு; நான் அதை ஆதரிப்பதில்லை. இந்த மாத ஸ்டேட்மென்டையே அவனிடம் காட்டுங்கள். உங்களுக்குப் பின் கஸ்டோடியன் யார் என்பதையும் எழுத்தில் பதிந்துவிடுங்கள்.

முன்பணத்துக்கு உங்கள் 401கே ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம் கடன் தருமா என்று அலுவலகத்தில் விசாரியுங்கள். அனுமதி இருந்தால், உங்களுக்கு உரிமையாகிவிட்ட தொகையில் பாதி வரை வாங்கலாம். உச்சவரம்பு 50,000 டாலர். குடியிருக்கும் வீட்டுக்கு என்றால் 5 வருடத்துக்கு மேலும் தவணை கிடைக்கலாம். வேலை மாறும் எண்ணம் இருந்தால் மட்டும் இதைத் தொடாதீர்கள்.