நாண்டி வட்டாரத்து ஓட்டக்காரர்களும் நம்ம ஊர் 1500 மீட்டரும்

"கிருஷ்ணகிரி, தருமபுரி மாதிரி மாவட்டத்திலிருந்து ஓட்டத்தில் உலக சாதனை எல்லாம் சாத்தியமா? ஒரே வட்டாரத்திலிருந்து வரிசையாக அப்படி ஆட்கள் வந்த ஊர் எங்காவது உண்டா? என் தம்பி 1500 மீட்டரில் வருவாய் மாவட்டத்தில் முதலிடம், அதனால் கேட்கிறேன்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. கென்யாவில் நாண்டி என்கிற மலைப்பகுதி. நான் தேன்கனிக்கோட்டை பக்கம் உடற்கல்வி ஆசிரியர். மைதானத்தில் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி எடுக்கும் பேச்சு இந்த ஊரைப் பற்றித்தான்.

அங்கிருந்து முதலில் உலகம் அறிந்தவர் கிப்சோகே கெய்னோ. சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, அத்தை வீட்டில் வளர்ந்து, போலீஸில் சேர்ந்தவர். 1965 ஆகஸ்டில் 3000 மீட்டரை 7 நிமிடம் 39.6 வினாடியில் ஓடினார். பழைய உலக சாதனையை விட 6 வினாடிக்கு மேல் குறைவு. அதே வருடம் நவம்பரில் 5000 மீட்டர் சாதனையும் அவர் கைக்கு வந்தது: 13 நிமிடம் 24.2 வினாடி. கென்யா விடுதலை அடைந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பித்தப்பைக் கோளாறோடு ஓடினார். 10,000 மீட்டரில் வலி தாங்காமல் சுருண்டு விழுந்தார். சில நாளில் 5000 மீட்டரில் வெள்ளி. 1500 மீட்டர் இறுதிப் போட்டி அன்று பஸ் நெரிசலில் மாட்டிக்கொள்ள, இறங்கி மைதானம் வரைக்கும் ஓடியே வந்தார். அந்த உடம்போடு 3:34.9-இல் தங்கம். இரண்டாவதாக வந்த ஜிம் ரியூன் அப்போதைய உலக சாதனையாளர். அவர் ஏறக்குறைய 20 மீட்டர் பின்னால் இருந்தார். அந்த ஒலிம்பிக் சாதனை 1984 வரை நின்றது. அதே மெக்சிகோவில் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் (தடுப்புகளையும் தண்ணீர்ப் பள்ளத்தையும் தாண்டி ஓடும் பந்தயம்) தங்கம் அமோஸ் பிவோட்டுக்கு. அவரும் நாண்டிக்காரர். மற்றவர்கள் தண்ணீரில் கால் வைத்து எழுந்து வர, இவர் பள்ளத்தையே தாண்டிக் குதித்துக் கால் நனையாமல் போனார்.

எனக்கு மனதில் ஆழமாகப் பதிந்தவர் ஹென்றி ரோனோ. கெய்னோவின் பெயரைக் கேட்டு வளர்ந்த நாண்டிப் பையன். 1978-இல் ஏப்ரல் 8 முதல் ஜூன் 27 வரை, 81 நாளில் நான்கு உலக சாதனை: 5000 மீட்டர் 13:08.4, ஸ்டீபிள்சேஸ் 8:05.4, 10,000 மீட்டர் 27:22.5, 3000 மீட்டர் 7:32.1. நான்கும் வேறு வேறு பந்தயம், வேறு வேறு ஊர். அந்த ஸ்டீபிள்சேஸ் சாதனை 1989 வரை அசையவில்லை. அசைத்தவர் பீட்டர் கோயெக், 8:05.35, அவரும் நாண்டிதான். இவ்வளவு செய்த ரோனோ ஒரு ஒலிம்பிக்கில்கூட ஓடியதில்லை. 1976-ஐயும் 1980-ஐயும் கென்யா புறக்கணித்தது. 2024 பிப்ரவரியில் அவர் இறந்த செய்தி வந்தபோது என் பிள்ளைகளை உட்காரவைத்து இந்த நான்கு நேரங்களையும் போர்டில் எழுதிக் காட்டினேன்.

மலைக்காற்றுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். உதவும், மறுக்கவில்லை. நாண்டி சுமார் 2000 மீட்டர் உயரம். ஆனால் நம் ஊட்டி ஏறக்குறைய மெக்சிகோ நகரத்தின் உயரம், 2240 மீட்டர் வரும். ஓட்டத்தில் உலக சாதனை அங்கிருந்து வரவில்லையே. சாப்பாடு என்றால், அவர்கள் சாப்பிடும் உகாலி நம் களி மாதிரிதான், கேழ்வரகுக்குப் பதில் மக்காச்சோள மாவு.

நான் பெரிதாக நினைப்பது வேறு. கெய்னோ போலீஸ், ரோனோ ராணுவம், பிவோட் சிறைத்துறை. அந்த வேலைகள் அவர்களுக்குச் சம்பளமும் சாப்பாடும் பயிற்சிக்கு நேரமும் கொடுத்தன. துறைகளுக்குள் போட்டி நடந்தது, ஜெயித்தவன் வெளிநாடு போனான், அதைப் பார்த்து அடுத்தவன் ஷூ கட்டினான். வேலை கிடைத்த பிறகுதான் அங்கே ஓட்டமே சூடு பிடித்தது.

இங்கே நேர் எதிர். விடியற்காலை எங்கள் மைதானத்துக்கு வந்து பாருங்கள், எத்தனை பையன்கள் ஓடுகிறார்கள் என்று. முக்கால்வாசிப் பேர் போலீஸ் தேர்வுக்காக, 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிப்பதற்காக ஓடுகிறவர்கள். அஞ்செட்டி மலைக் கிராமங்களிலிருந்து வரும் சில பையன்கள் அதை மூச்சு வாங்காமல் முடிக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் ஓட்டமும் முடிந்துவிடுகிறது. இன்னும் எவ்வளவு வேகமாக ஓடுவான் என்று அந்தப் பையனிடம் யாரும் கேட்பதில்லை. எனக்கு உண்மையிலேயே வயிறு எரிவது இந்த இடத்தில்தான்.

நம் மாநிலத்தில் ஒரு மாவட்டத்தால் முடியுமா என்றால், புதுக்கோட்டையைப் பாருங்கள். ஓட்டத்தில் பேர் வாங்கிய சாந்தி சௌந்தரராஜன், சூர்யா, லட்சுமணன் மூவரும் அந்த மாவட்டம். லட்சுமணன் 2017 ஆசிய தடகளத்தில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கினார். அவரும் ராணுவத்தில் இருந்தபடிதான் ஓடினார்.

தம்பிக்கு நான் சொல்வது: மாவட்ட முதலிடத்தோடு நிறுத்த வேண்டாம். ஓடும் ஒவ்வொரு முறையும் நேரத்தைத் தேதியோடு நோட்டில் எழுதட்டும். 1500-ஐ மட்டும் பிடித்துக்கொள்ளாமல் 3000 மீட்டரும் ஓடிப் பார்க்கட்டும்; நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு நீண்ட தூரம்தான் வாய்க்கிறது. பன்னிரண்டாவது முடிந்ததும் ராணுவம், ரயில்வே, போலீஸ் மூன்றிலும் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்பைப் பாருங்கள். அதில் போனால் வேலையில் சேர்ந்த பிறகும் ஓட விடுவார்கள். சான்றிதழ்களில் குறுவட்டம் முதல் மாநிலம் வரை ஒன்றையும் தொலைக்காதீர்கள். விண்ணப்பத்தில் முதலில் கேட்பது அவற்றைத்தான்.