வீணைக்கு எந்த ட்யூனர் வாங்குவது?

கேள்வி: என் மகள் இரண்டு வருடமாக வீணை கற்கிறாள். வகுப்பில் டீச்சரே சுருதி சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். வீட்டு வீணையில் கலைந்தால் எங்களுக்குச் சேர்க்கத் தெரியவில்லை. கடையில் சுருதி காட்டும் கருவி ஒன்றை ‘கர்நாடக ட்யூனர்’ என்று 4000 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பிரடையில் (தந்தியை முறுக்கும் ஆணியில்) கவ்விப் பிடிக்கிற சாதாரண கிளிப் ட்யூனர் போதும். 500 ரூபாயை ஒட்டியே கிடைக்கும். தந்தியின் அதிர்வை மரத்தின் வழியே எடுத்துக்கொள்வதால் ஃபேன் சத்தம், டிவி சத்தம் அதைக் குழப்பாது. ‘குரோமாடிக்’, அதாவது பன்னிரண்டு ஸ்வரத்தையும் காட்டுவது, என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கிடாருக்கு மட்டும் ஆனது, அதன் ஆறு தந்திகளின் ஸ்வரங்களை மட்டுமே காட்டும்; இரண்டரைக் கட்டைச் சுருதிக்கு உதவாது. கிடார் ட்யூனர் மேல் சரஸ்வதி படம் ஒட்டிப் பல மடங்கு விலைக்கு விற்றதை நானே பார்த்திருக்கிறேன். எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று டீச்சரே வற்புறுத்தினால், இன்னும் இரண்டு கடையில் விசாரியுங்கள். கமிஷன் இந்தத் துறையில் சகஜம்.

மகளுக்குச் சுருதி 3 கட்டை என்றால், ஷட்ஜமத்துக்கான முதல் தந்தியான சாரணிக்குத் திரையில் ‘இ’ (E) வர வேண்டும். ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் ஷட்ஜமத் தந்தியான மந்தரத்துக்கும் அதே ‘இ’தான். எந்த ஸ்தாயி என்று பெரும்பாலான கிளிப் ட்யூனர்கள் சொல்லாது. புதுத் தந்தி போட்டுவிட்டு, எழுத்து வரும்வரை முறுக்கிக்கொண்டே போய் அறுத்தவர்கள் நிறைய. மூலையில் 440 என்ற எண் இருக்கும்; ட்யூனர் எல்லா ஸ்வரத்தையும் அளக்கும் அடிப்படை அது. பொத்தான் தவறி அழுந்தி அது மாறினால் சுருதிப் பெட்டியோடு ஒட்டவே ஒட்டாது.

ஷட்ஜமத்தோடு ட்யூனரின் வேலை முடிந்தது. பஞ்சமத் தந்தியைக் காதால் சேர்க்க வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு ஸ்தாயியை 1200 பங்காக்கினால் நம் பஞ்சமம் 702-இல் நிற்கிறது. ட்யூனர் 700-இல் பச்சை காட்டிவிடும். சின்ன வித்தியாசம்தான். ஆனால் சாரணியையும் பஞ்சமத்தையும் சேர்த்து மீட்டிக் கேளுங்கள், நாதம் மெதுவாக ஏறி இறங்கும். லங்கரில் (தந்தியின் அடிமுனையைப் பிடித்திருக்கும் கம்பியில்) இருக்கும் வளையத்தைத் துளி நகர்த்தினால் அந்த அலை அடங்கி இரண்டும் ஒன்றாகக் கலக்கும். அந்த இடத்தை மகளின் காது ஒருமுறை பிடித்துவிட்டால் போதும்.

தந்தி சேர்ந்த பிறகும் வாசிக்கும்போது ஸ்வரம் பிசகினால், வெயிலில் மெழுகு இளகி, அதில் பதித்த மெட்டு (விரல் வைக்கும் உலோகக் கட்டை) நகர்ந்திருக்கலாம். அதற்கு ட்யூனரை வைத்து நீங்களே மெட்டைத் தொடாதீர்கள். மெட்டுகளை மெழுகில் பதித்துச் சேர்க்கும், ‘மேளம் கட்டுபவர்’ என்னும் கைவினைஞரிடம் கொடுங்கள்.

எனக்கு ஆற்றாமை வேறு. இரண்டு வருடம் கற்ற பிள்ளைக்குச் சுருதி சேர்க்கச் சொல்லித் தரவில்லை! பரீட்சைக்கு வர்ணம் முடிக்க வேண்டும், நேரமில்லை என்பார்கள். அப்புறம் எப்போதுதான் கற்பது? அடுத்த வகுப்பில் முதல் பத்து நிமிடம் பிரடையை மகள் கையில் விடச் சொல்லிக் கேளுங்கள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத் திருத்தட்டும்.