சொர்க்கவிலாசத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். விருதுநகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டை, அரண்மனை, பழைய கோயில் என்று கிளம்பிப் போய்ப் படம் எடுப்பது பழக்கமாகிவிட்டது. சென்ற வாரம் மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனேன். காலையில் நுழைந்தவன் மத்தியானம் வரை அங்கேயே இருந்தேன். 312 படங்கள். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோது மனசு விட்டுப்போய்விட்டது. இணையத்தில் தேடினால் வருகிற படங்களுக்கும் நான் எடுத்ததற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. நாற்காலியும் கம்பித் தடுப்பும் விழாமல் ஒரு கோணம் கிடைக்கவே பாதி நேரம் போனது. தூண்களில் பேர் கிறுக்கி வைத்திருப்பதைப் பார்த்து ஆத்திரம் வேறு. இவ்வளவு நேரம் இருந்தும் அந்த இடத்தை நான் பார்க்கவே இல்லையோ என்று இருக்கிறது. கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதுதான் சரியா?

இன்னொன்று. ‘ஊரை அடிச்சு உலையில போட்டு ராஜா கட்டின வீடு, அதைப் போய் என்னத்தப் பாக்குற’ என்கிறார் அப்பா. அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

ஆர்., விருதுநகர்

அன்புள்ள ஆர்.,

கேமராவை வீட்டில் வைக்க வேண்டாம். கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு வரியில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நாற்காலி விழாமல் கோணம் தேடியதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் தேடியிருக்கிறேன். கரண்டு வயர், தடுப்புக் கம்பி, குப்பைத்தொட்டி, செல்ஃபி எடுக்கும் குடும்பம் எல்லாவற்றையும் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, 1636இல் கட்டி முடித்த அன்று எப்படி இருந்திருக்குமோ அப்படி ஒரு படம் வேண்டும் என்று தேடுகிறோம். அப்படித் தேடுகிற எல்லோருக்கும் கிடைப்பது அதே நாலைந்து கோணங்கள்தான், அதனால் உங்கள் படமும் மற்றவர்கள் படமும் ஒன்றாக இருக்கின்றன. போகட்டும், அந்த 1636 அங்கே இருக்கிறதா என்பதை முதலில் பார்ப்போம்.

திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டார். அவர் கட்டிய அரண்மனை இன்று நிற்பதைப் போலப் பல மடங்கு பெரியது. அரசர் இருந்த சொர்க்கவிலாசம், அவர் தம்பி இருந்த ரங்கவிலாசம், இன்னும் கோயில், ஆயுதசாலை, குளம், நந்தவனம் எல்லாம் இருந்தன. இன்று நமக்கு மிஞ்சியது சொர்க்கவிலாசமும் அதை ஒட்டிய நாடகசாலையும், கூடவே சில கட்டடங்களும்தான். இடித்தது யாரோ அந்நியப் படை என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் திருமலை நாயக்கருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரத்தைத் திருச்சிக்கு மாற்றியபோது, இங்கிருந்த வேலைப்பாடுகளைப் பெயர்த்து அங்கே கட்டுவதற்குக் கொண்டு போனார் என்றுதான் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். தாத்தா கட்டியதைப் பேரன் பிரித்தான். அப்புறம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் மழை, வெயில், போர், கவனிப்பாரின்மை. 1866இல் சென்னை மாகாண கவர்னராக வந்த நேப்பியர் பிரபுதான் இதைப் பழுதுபார்க்க உத்தரவிட்டார். சென்னையில் செனட் ஹவுஸைக் கட்டிய சிசோம் என்ற கட்டடக்கலைஞர் அந்த வேலையைக் கவனித்தார். அதாவது நீங்கள் அண்ணாந்து பார்த்து வியந்த வளைவுகளிலும் பூச்சிலும் எது நாயக்கர் காலத்தது, எது நேப்பியர் காலத்துக் கொத்தனார் கை, எது போன வருடத்துச் சுண்ணாம்பு என்று பிரித்துப் பார்ப்பதே ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளை நீங்கள் அங்கே செலவழிக்க வேண்டும் என்பது என் ஆசை. பூச்சு விட்டுப்போன இடத்தில் உள்ளே செங்கல் தெரியும், அதன் அளவைப் பாருங்கள். காரையின் நிறம் ஓரிடத்தில் மாறும், அங்கே நில்லுங்கள். சுண்ணாம்புக் காரை மேல் பிற்காலத்தில் சிமெண்ட் பூசிய எந்தப் பழைய கட்டடத்திலும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று அரிப்பதைப் பார்க்கலாம், ஒருமுறை கண் பழகிவிட்டால் எங்கே போனாலும் அதுதான் முதலில் தெரியும்.

சரி, பழுதுபார்த்த பிறகு அந்தக் கட்டடம் என்னவாக இருந்தது? நீதிமன்றமாக. 1970 வரை மதுரை மாவட்ட நீதிமன்றம் மகாலுக்குள்தான் நடந்தது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் அப்பா ஒரு வரப்புத் தகராறில் மேல்முறையீடு செய்து, வாய்தாவுக்கு வாய்தா அங்கே போய் வந்தவர். ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவார். அவருக்குக் கடைசிவரை அது மகால் இல்லை, ‘பெரிய கோர்ட்டு’. அவருடைய எழுபதாவது வயதில் நான் அவரை மறுபடி அங்கே கூட்டிப்போனேன். குவிமாடத்தை அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். அவர் அண்ணாந்து பார்க்கவே இல்லை. தூண் தூணாகப் போய், ஒரு தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார், ‘இங்கனதான் உக்காந்திருப்பேன், டவாலி மூணு தரம் பேரைக் கூப்பிடுவாரு, சத்தம் சுத்திச் சுத்தி வரும், நம்ம பேரா அடுத்தவன் பேரான்னு தெரியாது’ என்றார். அந்த மண்டபத்தின் எதிரொலியைப் பற்றி அதைவிடத் துல்லியமாக ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. 248 தூண்கள் என்று எண்ணிக்கையை எல்லா வழிகாட்டிப் புத்தகமும் சொல்லிவிடும். அதில் ஒரு தூண் எங்கள் அப்பா சோறு தின்ற தூண். நான் அன்றைக்கு எடுத்த படத்தில் அப்பாவுக்குப் பின்னால் நீல நிற நாற்காலி அடுக்கு ஒன்று நிற்கிறது. சாயங்கால ஒலி ஒளிக் காட்சிக்குப் போடுவது. அன்று அதைச் சபித்தேன். இன்று அந்த நாற்காலியை வைத்துத்தான் அந்தப் படம் எந்த வருடத்தது என்று சட்டென்று சொல்ல முடிகிறது.

இதற்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார். லின்னேயஸ் டிரைப். கம்பெனிப் படையில் அதிகாரியாக இருந்து, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். 1857 கடைசியிலும் 1858 தொடக்கத்திலுமாக ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சுற்றினார். பெரும்பாலும் மெழுகு பூசிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். ஒளி விழ நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் நடந்துபோகிற மனிதர்கள் படத்தில் பதியமாட்டார்கள், ஆளே இல்லாத ஊர் போல இருக்கும். நாம் ஆட்களைத் தவிர்க்கப் படாதபாடு படுகிறோம், அவருக்கு அந்தக் கருவியே ஆட்களை அழித்துவிட்டது. வெறுமையாக வந்த வானத்தில் அவரே நெகட்டிவ் மேல் தீட்டி மேகம் சேர்த்திருக்கிறார். ஆனால் அவர் மகாலின் முற்றத்தை எடுத்திருக்கிறார், புதுமண்டபத்தை எடுத்திருக்கிறார், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கியிருக்கிறார். 1859இல் கவர்னராக வந்த டிரெவெலியன், அரசுக்கு இது கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார். நல்லவேளை, மதுரை படங்கள் அதற்குள் அச்சாகிவிட்டன. நேப்பியர் கை வைப்பதற்கு முன் மகால் எந்த நிலையில் நின்றது என்று இன்று நாம் கண்ணால் பார்ப்பது டிரைப்பால்தான். அவர் தன் காலத்து மகாலை எடுத்தார், அவ்வளவுதான். நீங்களும் உங்கள் காலத்து மகாலை எடுங்கள். தடுப்புக் கம்பி, கேமராவுக்குத் தனிச் சீட்டு கிழிக்கிற கவுண்டர், புறா, நாற்காலி எல்லாம் உங்கள் காலம்தான்.

தூண்களில் பேர் கிறுக்கியிருப்பதைப் பார்த்து எனக்கும் வயிறு எரியும். வழவழப்பாக இழைத்த வெள்ளைப் பூச்சில் ஆணியால் கீறிய காயம் அது, மேலே மறுபடி பூசினால் பழைய பூச்சு போய்விடும், விட்டால் காயம் அப்படியே நிற்கும். இதற்கு மன்னிப்பு கிடையாது. ஆனாலும் படம் எடுங்கள், தேதியோடு. எந்தத் தூணில் எவ்வளவு உயரம் வரை கீறல் இருக்கிறது என்பது பழுதுபார்க்க வருகிறவர்களுக்கு வேண்டிய தகவல்.

உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். அவர் சொல்வதை மறுக்காதீர்கள், அது உண்மை. வரி வாங்காமல், ஆளைப் பிடித்து வேலை வாங்காமல் எந்த அரண்மனையும் எழவில்லை. அதே நாயக்கர் ஆட்சியின் கடைசியில்தான் மைசூர்ப் படை வந்து குடிமக்களின் மூக்கை அறுத்தது, மதுரைப் படை போய் அங்கே மூக்கை அறுத்தது, மூக்கறுப்புப் போர் என்றே அதற்குப் பேர். இதையெல்லாம் மறைத்துவிட்டுக் குவிமாடத்தின் அழகை மட்டும் பேசினால் அப்பாவுக்குக் கோபம் வரத்தான் செய்யும். நான் அவரிடம் சொல்வதாக இருந்தால் இதைத்தான் சொல்வேன்: ராஜா கட்டினார் என்கிறோம், அவர் ஒரு செங்கல்லைக்கூடத் தூக்கியிருக்கமாட்டார். சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியது பேர் தெரியாத ஆட்கள். வளைவுகளுக்கு மேலே சுதையில் செய்த உருவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டு முகம் ஒன்றுபோல இருக்காது, இரண்டு வேறு கை. அந்த ஆட்கள் இந்த உலகத்தில் இருந்தார்கள் என்பதற்கு அதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அப்பா அடுத்த முறை உங்களோடு வந்தால் ராஜாவை விட்டுவிட்டு இவர்களைப் பார்க்கட்டும்.

இனி ஒரு வேண்டுகோள். மகாலை விட்டு வெளியே வாருங்கள். நவபத்கானா தெரு, மகால் வடம்போக்கித் தெரு என்று பேர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே நடங்கள். நவபத்கானா என்றால் அரண்மனை வாத்தியக்காரர்கள் முரசும் நாகசுரமும் முழக்கிய இடம், கட்டடம் போய்விட்டது, பேர் மட்டும் தெருவாக நிற்கிறது. அப்படியே விளக்குத்தூண் பக்கம் போனால் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே ஒரு சந்தில் பத்துத்தூண் இருக்கிறது. பேர் சொல்வது போலப் பத்துத் தூண்கள், மகாலில் இருப்பவற்றைப் போலவே ராட்சதத் தூண்கள். மேலே கூரையில்லை, வளைவில்லை. மகால் ஒரு காலத்தில் இங்கே வரைக்கும் இருந்தது என்று சொல்ல அவை மட்டும் நிற்கின்றன, கீழே துணி மூட்டை இறங்குகிறது, இரண்டு சக்கர வண்டி நிற்கிறது, டீக்கடைப் பையன் தட்டோடு ஓடுகிறான். எனக்கு மகாலைவிடப் பத்துத்தூண் நெஞ்சுக்கு நெருக்கம். மகால் சீட்டு வாங்கி உள்ளே போய்ப் பார்க்கிற இடம். இது மதுரைக்காரர்கள் தோளில் இடித்துக்கொண்டே போகிற இடம்.

விளக்குத்தூணும் சும்மா ஒரு தூண் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே விரித்தார். அவர் நினைவுக்கு நட்ட விளக்கு அது. அந்த வேலையில் இருந்தவர்களின் பேர்தான் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும் மாரட் வீதிக்கும். வெளி வீதிகள் நாலும் கோட்டையின் வெளிச்சுவர் போன தடத்தில்தான் போகின்றன. ஆக நீங்கள் மேல வெளி வீதியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது கோட்டையின் மேல்தான் நிற்கிறீர்கள். இதை எப்படிப் படமாக எடுப்பது என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது, உங்களுக்கும் தோன்ற வேண்டும்.

கடைசியாகக் கைக்காரியம் சில. போனவுடன் கேமராவை வெளியே எடுக்காதீர்கள், அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள், முற்றத்தில் வெயில் எந்தத் தூணிலிருந்து எந்தத் தூணுக்கு நகர்கிறது என்று பாருங்கள். தூணின் பருமன் தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும், ஆளில்லாமல் அளவு தெரியாது. கடைக்காரர்களையும் சுமை தூக்குகிறவர்களையும் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள், ‘எடுத்துக்கங்க தம்பி’ என்பவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு படத்துக்கும் தேதியும் நின்ற இடமும் குறித்து வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் நின்று அதே படத்தை மறுபடி எடுங்கள்.

இந்த ஞாயிறு முடிந்தால் பத்துத்தூணுக்குப் போங்கள். காலை ஏழு மணிக்கு, கடைகளின் ஷட்டர் ஏறுவதற்கு முன் ஒரு படம். அதே இடத்தில் நின்று பதினொன்றரைக்கு, சந்து நிரம்பி வழியும்போது இன்னொன்று. 312 வேண்டாம், அந்த இரண்டை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.