900 கிலோமீட்டர் சமவெளியும் ஒரு கணவாயும்

கேள்வி: எங்களுக்கு எட்டு நாள் விடுமுறை கிடைத்திருக்கிறது. என்னிடம் ஆறு வருடம் ஓடிய 350 சிசி பைக் இருக்கிறது. மனைவியோடு ஒரு நீண்ட பயணம் போக ஆசை. முதலில் 900 கிலோமீட்டர் சமவெளி, அதைத் தாண்டினால் மலைத்தொடர். சமவெளியில் பார்க்க ஒன்றுமில்லை என்பதால் இரவிலும் ஓட்டி ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். மலையில் ஆறு நாள், நாளொன்றுக்கு 300 முதல் 350 கிலோமீட்டர். நடுவில் 3,500 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய். திரும்பும்போதும் அதே சாலை, அதே வேகம். மனைவிக்கு இவ்வளவு தூரம் பின்னால் உட்கார்ந்து பழக்கமில்லை. திட்டம் சரியா? இதற்காகப் பெரிய பைக் வாங்க வேண்டுமா? என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: பைக்கைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். நன்றாகப் பராமரித்த 350 சிசி தாராளமாகப் போதும். கையும் காலும் பழகிய வண்டி, புதிதாக வாங்கும் கனமான வண்டியைவிட மலை வளைவில் உங்களுக்கு அதிகம் உதவும். ஆனால் திட்டத்தை இப்படியே வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

நீங்கள் கணக்கைக் கிலோமீட்டரில் போட்டிருக்கிறீர்கள். அதையே மணியில் போட்டுப் பாருங்கள். சமவெளியில் நல்ல சாலையில், பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் இளைப்பாறவும் நிற்கும் நேரத்தைச் சேர்த்தால், மணிக்கு 55 கிலோமீட்டர் சராசரி கிடைத்தாலே நல்ல ஓட்டம். மலையில் அது 25, 30 ஆகிவிடும். ஆக நீங்கள் சொல்லும் 350 கிலோமீட்டர் மலையோட்டம் ஏறக்குறைய 12 மணி நேர வேலை. அதை ஆறு நாள் தொடர்ந்து, பின்னால் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு செய்யப்போகிறீர்கள். ஓரிடத்தில் பள்ளத்தாக்கு அழகாகத் தெரிகிறது, பத்து நிமிடம் நிற்கலாம் என்று மனைவி சொன்னால், உங்களுக்குக் கடிகாரம்தான் ஞாபகம் வரும். காட்சிகளுக்காகப் போகும் பயணத்தில் நிற்க நேரமில்லை என்றால் போவதே எதற்கு?

அடுத்தது இரவு ஓட்டம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: வேண்டாம். அதிகாலை இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். எவ்வளவு மன உறுதி இருந்தாலும் கண் ஒரு நொடி சொருகும். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒரு நொடி என்பது 22 மீட்டர். பின்விளக்கில்லாமல் நிற்கும் லாரி, சாலையில் படுத்திருக்கும் மாடு, குழி எல்லாம் ஹெட்லைட் வெளிச்சத்தில் விழும்போது பிரேக் பிடிக்க இடம் இருக்காது. பின்னால் இருப்பவர் கண்ணயர்ந்தால் அவர் பிடியும் தளர்ந்துவிடும். இத்தனையையும் தாண்டிப் போய்ச் சேர்ந்தாலும், மறுநாள் முழுவதும் தூங்கத்தான் போகிறீர்கள். மிச்சம் பிடித்ததாக நினைத்த நாள் அங்கேயே போய்விடும்.

அப்புறம், சமவெளியில் பார்க்க ஒன்றுமில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கே பார்க்க வேண்டியது வானம். தொலைவில் ஒரு மழை மட்டும் தனியாகப் பெய்துகொண்டிருப்பதையும், அதன் நிழல் வயல்மேல் நகர்ந்து வருவதையும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். மலை முதன்முதலில் கண்ணில் படுவதும் சமவெளியிலிருந்துதான். தரையிலிருந்து 3,000 மீட்டர் எழும்பி நிற்கும் ஒரு சிகரம், பூமியின் வளைவை வைத்துக் கணக்குப் பார்த்தால், 190 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே அடிவானத்துக்கு மேல் தலைகாட்டும். தூசும் புகையும் அதைப் பெரும்பாலும் மறைத்துவிடும். முந்தைய நாள் மழை பெய்து கழுவிவிட்ட காலையில் வாய்ப்பு அதிகம். முதலில் மேகம் என்றுதான் நினைப்பீர்கள். அரை மணி கழித்தும் அது நகராமல் அங்கேயே நின்றால் மலை. இதை இருட்டில் தாண்டிப் போக நினைத்தீர்களே என்பதுதான் என் வருத்தம்.

ஆகவே சமவெளிக்கு இரண்டு நாள் கொடுங்கள், நாளுக்கு 450 கிலோமீட்டர். விடியும்போது கிளம்பினால் மாலை நான்கு மணிக்குள் இறங்கிவிடலாம். சூரியன் எந்தப் பக்கம் என்பதையும் வரைபடத்தில் பாருங்கள். மேற்கே போகும் சாலையில் காலை நேரம் அருமை, வெயில் முதுகில் விழும், முன்னால் எல்லாம் தெளிவாகத் தெரியும். அதே சாலையில் மாலை நான்கு மணிக்கு மேல் வெளிச்சம் நேராகக் கண்ணில் குத்தும். கிழக்கே திரும்பும்போது இது தலைகீழாகும், அப்போது காலையில் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்புவதில் தவறில்லை.

சமவெளியின் ஆபத்து அலுப்பில் இருக்கிறது. ஒரே வேகம், ஒரே சத்தம், ஒரே நேர்கோடு. மனம் எங்கோ போய்விடும். ஒன்றரை மணிக்கு ஒருமுறை, களைப்பு தெரியாவிட்டாலும், இறங்கி நடங்கள், தண்ணீர் குடியுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். மாலையில் வரும் களைப்பில் பாதி அந்த இரைச்சலால் வருவது என்பேன். நீங்கள் போகும் இடத்தின் சட்டம் அனுமதித்தால் காதுக்கு நுரை அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டவெளியில் பக்கக்காற்று வண்டியைத் தள்ளும். எதிரே வரும் பெரிய லாரி ஒரு நொடி காற்றை மறைத்துவிட்டு உடனே திருப்பி அடிக்கும். அந்த நேரத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல், முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டு தோளைத் தளர்வாக விடுங்கள். எதிர்காற்று நாளில் பெட்ரோல் வழக்கத்தைவிட வேகமாகக் குறையும் என்பதால், டேங்க் பாதிக்கு வரும்போதே நிரப்பிவிடுவது நல்லது.

பலரும் கவனிக்காத ஒன்று டயர். நேர்சாலையிலேயே வெகுதூரம் ஓடிய பின்டயரின் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகிவிடும். சமவெளியில் அது தெரியாது. மலையில் முதல் வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது, தட்டையிலிருந்து ஓரத்துக்குத் தாவுவதுபோல் ஓர் உதறல் வரும். உங்கள் பின்டயர் ஏற்கெனவே அப்படி இருந்தால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். ஆனால் முந்தின நாள் மாற்றாதீர்கள். புது டயரின் மேற்பரப்பு வழுக்கும். முதல் 150 கிலோமீட்டர் ஊரிலேயே நிதானமாக ஓட்டிப் பழக்கிக்கொள்ளுங்கள்.

சரி, மலைக்கு வருவோம். உங்கள் ஆறு நாள் நான்காகக் குறைகிறது. ஆனால் உண்மையில் பார்ப்பது கூடும். மூன்றாம் நாள் அடிவாரத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள், 2,000 மீட்டர் வாக்கில் உள்ள ஓர் ஊருக்கு ஏறுங்கள். அங்கேயே இரண்டு இரவு. நான்காம் நாள் லக்கேஜை அறையில் வைத்துவிட்டு, வெறும் வண்டியில் பக்கத்துப் பள்ளத்தாக்குகளைச் சுற்றுங்கள். ஐந்தாம் நாள் கணவாய். வானிலை கெட்டால் நான்கையும் ஐந்தையும் மாற்றிக்கொள்ளலாம். ஆறாம் நாள் வேறு பள்ளத்தாக்கு வழியாக அடிவாரத்துக்கு இறங்கிவிடுங்கள். ஏழும் எட்டும் சமவெளி. மொத்தம் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர் வரும். உங்கள் திட்டத்தில் 3,800 வருகிறது.

கணவாயைக் காலையில் கடந்துவிடுங்கள். கோடையில் மலையில் காலை தெளிந்திருக்கும். வெயில் ஏற ஏற மேகம் திரண்டு மதியத்துக்கு மேல் இடியும் மழையும் வரும். பனி உருகி வரும் ஓடைகளும் அப்படித்தான்: காலையில் கணுக்காலளவு ஓடும் தண்ணீர் மாலையில் முழங்காலுக்கு வந்துவிடும். பள்ளத்தாக்கில் சூரியன் சீக்கிரம் மறைந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கணவாய் திறந்திருக்கிறதா என்று தேதி குறிக்கும் முன்பே பாருங்கள். அமெரிக்காவில் 3,337 மீட்டர் உயரம் போகும் பேர்டூத் சாலை பொதுவாக மே கடைசியில் திறந்து அக்டோபர் நடுவில் மூடிவிடுகிறது. உலகில் பல உயரச் சாலைகளுக்கு வருடத்தில் நான்கைந்து மாதம்தான் ஆயுள்.

3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இன்ஜினின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறையும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் அதிகமாகப் போய்த் திணறலும் வரும். பியூயல் இன்ஜெக்‌ஷன் கலவையைச் சரிசெய்துகொள்ளும், ஆனால் இல்லாத காற்றை அதனால் கொண்டுவர முடியாது. வண்டி இழுக்கவில்லையே என்று பயப்பட வேண்டாம், ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். உங்கள் உடம்புக்கும் அதே கதைதான். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். பகலில் எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்பதைவிட இரவில் எந்த உயரத்தில் தூங்குகிறீர்கள் என்பதுதான் அதிகம் பாதிக்கும். ஆகவே கணவாயில் ஏறுங்கள், ஆசைதீரப் பாருங்கள், மறுபக்கம் இறங்கித் தூங்குங்கள். தலைவலி விடாமல் கூடிக்கொண்டே போனாலோ, நடை தள்ளாடினாலோ உடனே இறங்கிவிட வேண்டும்.

குளிரும் ஏமாற்றும். 1,000 மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அடிவாரத்தில் 32 டிகிரி என்றால் கணவாயில் 10, 12. அந்தப் பத்து டிகிரியில் மணிக்கு 80 கிலோமீட்டர் ஓடினால் தோலுக்கு நான்கு டிகிரிபோல் உறைக்கும். விரல் மரத்துப்போனால் பிரேக் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. தடித்த ஒரே ஜாக்கெட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய உடைகள் நல்லவை. மழைக்கோட்டு லக்கேஜின் மேலேயே இருக்கட்டும். முதல் தூறலிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

வளைவுகளைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். இத்தாலியில் ஸ்டெல்வியோ கணவாய்க்கு ஒரு பக்கத்தில் சுமார் 24 கிலோமீட்டர் ஏற்றத்தில் 48 கொண்டை ஊசி வளைவுகள். அரை கிலோமீட்டருக்கு ஒன்று. ஏறுவது உடலுக்கு உழைப்பு, இறங்குவது பிரேக்குக்குச் சோதனை. ஏற எந்த கியர் வேண்டியிருந்ததோ ஏறக்குறைய அதே கியரில் இறங்கி, இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ள விடுங்கள். பிரேக்கை வளைவுக்கு முன்பு விட்டு விட்டுப் பிடியுங்கள். தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வராதீர்கள். உங்கள் வண்டிக்கு ஆறு வயது என்கிறீர்கள். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்தத் தரம் கேட்கும் குறைந்தபட்ச அளவே 155தான். நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்தால் லீவர் அழுத்த அழுத்த உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் கேள்வியே இல்லை, மாற்றிவிடுங்கள். பிரேக் பேடையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

எடுத்துப்போக வேண்டியவற்றில் முக்கியம், எவ்வளவு குறைவு என்பதுதான். கனமானவை தாழ்வாகவும் உங்கள் முதுகுக்கு அருகிலும் இருக்கட்டும். பின்சக்கரத்துக்கும் பின்னால் தொங்கும் கனமான பெட்டி முன்சக்கரத்தை லேசாக்கி, வளைவில் ஹேண்டிலை நடுங்கவைக்கும். பஞ்சர் சாமான் (டயர் டியூப்லெஸ்ஸா, டியூபா என்று பார்த்து), காற்றடிக்கும் பம்ப், கிளட்ச் கேபிள் ஒன்று, செயின் ஆயில், முதலுதவிப் பை, இணையமில்லாமலும் வேலை செய்யும் வரைபடம். இவை போதும். செயினுக்குச் சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் போடுங்கள். இருவர் பாரத்துக்குப் பின்டயரின் காற்றும் சஸ்பென்ஷனும் எவ்வளவு என்று கையேட்டில் போட்டிருக்கும். பாரம் ஏறியதும் ஹெட்லைட் மேல்நோக்கிப் போய்விடும், அதையும் இறக்கி வையுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் நீங்கள் தாண்டிப்போன விஷயம்: மனைவி. இந்தப் பயணத்தில் அவர் லக்கேஜ் அல்ல. முன்னால் இருப்பவருக்கு ஓட்டும் வேலை இருக்கிறது, பிடிக்கக் கைப்பிடி இருக்கிறது. பின்னால் இருப்பவருக்கு வளைவும் பிரேக்கும் முன்னறிவிப்பில்லாமல் வருகின்றன. ஆகவே உங்களுக்கு இருக்கும் அதே தரமான ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் கையுறையும் அவருக்கும் வேண்டும். வளைவில் உங்கள் தோளுக்கு மேலாக, வண்டி திரும்பும் பக்கமாகவே பார்க்கச் சொல்லுங்கள், உடம்பு தானாகச் சாயும். நிற்க வேண்டும் என்றால் இரண்டு தட்டு, மெதுவாக என்றால் ஒரு தட்டு என்று ஏதாவது ஒன்றைப் பேசிவையுங்கள். அவர் தட்டினால் காரணம் கேட்காமல் நிறுத்துங்கள்.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு, முழு லக்கேஜோடு இருவரும் ஒரு சனி, ஞாயிறு போய்வாருங்கள். முதல் நாள் 300 கிலோமீட்டர், இரவு வெளியூரில், மறுநாள் திரும்பல். இடுப்பு வலிக்கிறதா, சீட்டுக்கு மெத்தை வேண்டுமா, எத்தனை மணிக்கு ஒருமுறை நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். நாளுக்கு 300 கிலோமீட்டர்தான் அவரால் முடிகிறது என்றால், பக்கத்தில் இருக்கும் வேறொரு மலையைத் தேர்ந்தெடுங்கள். 3,500 மீட்டர் கணவாய் அடுத்த வருடமும் திறக்கும்.