காவலுக்கு வைத்த எக்ஸ்டென்ஷன் எதையெல்லாம் பார்க்கிறது?

கேள்வி: ஐயா, வணக்கம். என் அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். மின் கட்டணம் பாக்கி இருப்பதாகவும் அன்றிரவே இணைப்பு துண்டிக்கப்படும் என்றும் செல்போனுக்கு வந்த பொய்யான செய்தியை நம்பி, அதிலிருந்த லிங்க்கைத் திறந்து கார்டு எண்ணைத் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டார். நல்லவேளையாக அம்மா பார்த்துத் தடுத்தார். அதன்பிறகு என் தம்பி அவருடைய லேப்டாப்பில் ஒரு செக்யூரிட்டி எக்ஸ்டென்ஷனை (பிரவுசரோடு சேர்த்து இயங்கும் சிறு மென்பொருள்) நிறுவிக் கொடுத்திருக்கிறான். எதைத் தேடினாலும் ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் பச்சை வட்டமோ சிவப்பு வட்டமோ வருகிறது. ஆனால் 'எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவு அனைத்தையும் படிக்கவும் மாற்றவும்' அது அனுமதி கேட்டதாம். அப்பா பென்ஷன் கணக்கையும் பரிசோதனைக்கூட அறிக்கைகளையும் அதே லேப்டாப்பில்தான் பார்க்கிறார். இதை வைத்திருக்கலாமா, நீக்கிவிடலாமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நீக்கிவிடுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் நீக்குவதற்கு முன் பிரவுசரில் ஒரு மாற்றம் செய்ய வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த அனுமதி வாசகம் மிகையானது அல்ல. பக்கத்துக்குப் பக்கம் பச்சை, சிவப்பு வட்டம் இட வேண்டுமானால் அந்த எக்ஸ்டென்ஷன் பக்கத்தைப் படிக்கத்தான் வேண்டும். ஆகவே அனுமதி கேட்பது மட்டுமே குற்றமாகாது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு முகவரி நல்லதா கெட்டதா என்பதை அது எப்படி விசாரித்துத் தெரிந்துகொள்கிறது? உங்கள் தந்தை திறக்கும் ஒவ்வொரு பக்கத்தின் முழு முகவரியையும் தன் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பிக் கேட்கிறது என்றால், அவர் என்ன படிக்கிறார், எந்த நோய்க்கு மருந்து தேடுகிறார், எந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கிறார் என்பதெல்லாம் நாள்தோறும், மணிவாரியாக, ஓரிடத்தில் சேர்ந்துகொண்டே போகும்.

இதே வேலையை உங்கள் பிரவுசரே வேறு விதமாகச் செய்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றும் மோசடித் தளங்களை அடையாளம் காட்டும் கூகுளின் 'சேஃப் பிரவுசிங்' பட்டியலைப் பயன்படுத்துகின்றன. ஒரு முகவரியை எஸ்.எச்.ஏ.-256 என்னும் கணக்கீட்டில் இட்டால் 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு கோவை கிடைக்கும். அந்தக் கோவையிலிருந்து முகவரியைத் திரும்பக் கணக்கிட்டு எடுக்க வழியில்லை. சந்தேகத்துக்குரிய முகவரிகளின் கோவைகளில் முதல் 8 எழுத்துகள் மட்டும் அடங்கிய பட்டியல் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். நீங்கள் திறக்கும் பக்கம் அதனோடு பொருந்தினால் மட்டுமே, 'இந்த 8 எழுத்துகளில் தொடங்கும் முழுக் கோவைகளைக் கொடு' என்று பிரவுசர் சர்வரிடம் கேட்கும். வந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் கம்ப்யூட்டரில்தான் நடக்கும். அதே 8 எழுத்துகளில் தொடங்கும் முகவரிகள் எத்தனையோ உண்டு என்பதால், நீங்கள் திறந்தது எது என்று சர்வர் உறுதியாகச் சொல்ல முடியாது.

மோசடிப் பக்கங்கள் பல 10 நிமிடம்கூட நிலைத்திருப்பதில்லை. அவ்வப்போது புதுப்பிக்கப்படும் பட்டியல் அவற்றைத் தவறவிட்டது. அதனால் 2024 மார்ச் முதல் குரோம் உடனுக்குடன் கேட்கத் தொடங்கியது. அப்போதும் கோவையின் அந்த முதல் துண்டு மட்டும், வேறொரு நிறுவனம் நடத்தும் இடைநிலை சர்வர் வழியாகத்தான் போகிறது. கேட்பவரின் ஐ.பி. முகவரி (இணையத்தில் அவருடைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) இடையில் இருப்பவருக்குத் தெரியும், கேள்வி தெரியாது. கூகுளுக்குக் கேள்வித் துண்டு தெரியும், கேட்பவர் தெரியாது. பாதுகாப்புக்காக அந்தரங்கத்தை மொத்தமாகக் கொடுத்தே தீர வேண்டும் என்பது உண்மையல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி எக்ஸ்டென்ஷன்களின் வரலாற்றைப் பாருங்கள். உங்கள் தம்பி நிறுவியதைப் போலவே பச்சை, சிவப்பு வட்டம் காட்டி உலகெங்கும் பெயர் பெற்றது 'வெப் ஆஃப் டிரஸ்ட்'. அது திரட்டிய பார்வை வரலாறு, அதாவது பயனர்கள் எந்தெந்தப் பக்கங்களுக்குப் போனார்கள் என்ற பதிவு, விற்பனைக்குப் போனதை ஜெர்மனியின் என்.டி.ஆர். ஒலிபரப்பு நிறுவனம் 2016 நவம்பரில் வெளிக்கொணர்ந்ததும், ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவும் கூகுளும் அதைத் தங்கள் எக்ஸ்டென்ஷன் கடைகளிலிருந்து நீக்கின. வைரஸ் தடுப்புக்குப் பெயர்பெற்ற செக் நாட்டு அவாஸ்ட் நிறுவனமும் இதற்கு விலக்கல்ல. அதன் எக்ஸ்டென்ஷன்களும் மென்பொருளும் திரட்டிய தரவு, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்கப்பட்டது. 2020 ஜனவரியில் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், அவாஸ்ட் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டு, விளம்பரத்துக்காகப் பார்வைத் தரவை விற்கவும் தடை போட்டது. பின்தொடர்பவர்களிடமிருந்து காப்பதாகச் சொல்லி நிறுவச் செய்துவிட்டு, பின்தொடர்ந்து சேர்த்ததையே விற்றார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நேர்மையான நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனாக இருந்தாலும் இன்னொரு கவலை உண்டு. எக்ஸ்டென்ஷன்கள் நம்மைக் கேட்காமல் தாமாகவே புதுப்பித்துக்கொள்பவை. சைபர்ஹேவன் என்பது தரவுக் கசிவைத் தடுக்கும் நிறுவனம். 2024 டிசம்பரில், கிறிஸ்துமஸ் சமயத்தில், அதன் ஊழியர் ஒருவர் போலி மின்னஞ்சலில் ஏமாந்ததால் எக்ஸ்டென்ஷனின் கட்டுப்பாடு திருடர் கைக்குப் போய், குக்கீகளை (இணையதளங்கள் நம்மை அடையாளம் காண பிரவுசரில் இட்டுவைக்கும் சிறு கோப்புகள்) திருடும் பதிப்பு பயனர்களின் பிரவுசர்களில் தானாகவே வந்து அமர்ந்தது.

இவ்வளவுக்கும் மேலாக, உங்கள் கடிதத்தில் ஒன்று என் கண்ணில் பட்டது. அப்பாவுக்கு அந்தச் செய்தி வந்தது செல்போனில். காவல் வைத்திருப்பதோ லேப்டாப்பில். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன்களை நிறுவவே முடியாது. வந்த ஆபத்து ஒரு வாசலில், போட்ட பூட்டு இன்னொரு வாசலில். அந்தரங்கத்தைக் கொடுத்து நீங்கள் வாங்கியிருக்கும் பாதுகாப்பு, உங்களைப் பயமுறுத்திய அந்தச் சம்பவத்தைத் தடுத்திருக்காது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். போன், லேப்டாப் இரண்டிலும் குரோம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குப் போய், சேஃப் பிரவுசிங் இயங்குகிறதா என்று பாருங்கள். அங்கே 'என்ஹான்ஸ்டு' என்ற கூடுதல் பாதுகாப்பும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் பக்க முகவரிகளே கூகுளுக்குப் போகும். நான் என் கம்ப்யூட்டரில் வைத்திருப்பது சாதாரண நிலைதான். ஆனால் ஒருமுறை ஏமாற இருந்த முதியவருக்கு, அவருடைய சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, அந்தக் கூடுதல் நிலையை வைத்துக் கொடுப்பதில் நான் தவறு காணமாட்டேன். ஏற்கெனவே அவர் பயன்படுத்தும் நிறுவனம் ஒன்றுக்குத் தெரிவதும், முகம் தெரியாத இன்னொரு நிறுவனத்துக்கும் சேர்த்துத் தெரிவதும் ஒன்றல்ல. வங்கியின் பாஸ்வேர்டை பிரவுசரிலேயே சேமித்து, போனுக்கும் லேப்டாப்புக்கும் ஸ்கிரீன் லாக் போட்டுவிடுங்கள். போலிப் பக்கம் வங்கியின் பக்கத்தைப் போல அச்சு அசலாக இருந்தாலும் முகவரி வேறாக இருப்பதால், சேமித்த பாஸ்வேர்டு அங்கே தானாக வந்து நிரம்பாது. கட்டம் காலியாக நின்றால் கையை எடுத்துவிட்டு உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். அப்படியும் பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

கேள்வி: பெயரை நீக்கிவிட்டுத்தான் தரவை விற்கிறோம் என்கிறார்களே, அதில் என்ன தீங்கு வந்துவிடப் போகிறது?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: பெயரை நீக்கினாலும் முகவரிகள் காட்டிக் கொடுத்துவிடும். பத்திரிகையாளர் ஸ்வேயா எக்கர்ட்டும் தரவு ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் டெவெஸும், சுமார் 30 லட்சம் ஜெர்மானியரின் ஒரு மாதப் பார்வை வரலாற்றை, வாங்க வந்தவர்களைப் போல் பேசி மாதிரியாகவே பெற்று, அதில் கண்டதை 2017-இல் டெஃப்கான் என்னும் ஹேக்கர்கள் மாநாட்டில் விளக்கினார்கள். அப்போது ட்விட்டரில் ஒருவர் தம் பதிவுகளின் புள்ளிவிவரத்தைப் பார்க்கும் பக்கத்தின் முகவரியில் அவருடைய பயனர்பெயரே இருந்தது. அந்தப் பக்கத்தை அவர் மட்டுமே திறக்க முடிந்தது. அந்த ஒரு வரி கிடைத்தால் போதும், அந்த மாதம் முழுவதும் அவர் போய்வந்த பக்கங்கள் அனைத்தும் அவர் பெயருக்கு வந்துவிடும். ஒரு துப்பறியும் அதிகாரி வெளிநாட்டுக் காவல்துறைக்கு எழுதும் உதவிக் கோரிக்கையை கூகுள் டிரான்ஸ்லேட்டில் இட்டிருக்கிறார். அந்தத் தளம் உள்ளிடும் வாசகத்தை முகவரியிலேயே சேர்த்துவிடுவதால், நடந்துகொண்டிருந்த விசாரணையின் விவரங்களே அந்தத் தரவுக்குள் கிடந்தன.

கேள்வி: விளம்பரம் தடுக்கும் எக்ஸ்டென்ஷனையும் நீக்கிவிட வேண்டுமா? பார்வை வரலாறு பதிவாகாத இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்தால் எக்ஸ்டென்ஷன்களால் பார்க்க முடியாதுதானே?
— ஒரு வாசகி, மட்டக்களப்பு

பதில்: யூபிளாக் ஆரிஜின் (குரோமில் இப்போது இயங்குவது அதன் 'லைட்' பதிப்பு) போன்றவை தடுக்க வேண்டியவற்றின் பட்டியலை உங்கள் கம்ப்யூட்டருக்கே இறக்கிவைத்து அங்கேயே ஒப்பிடுகின்றன, நீங்கள் போகும் இடத்தை யாரிடமும் சொல்வதில்லை, மூல நிரலும் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கும்படி வெளிப்படையாக இருக்கிறது. போலி விளம்பரங்கள் வழியாக வரும் மோசடிகளையும் அவை தடுப்பதால் நான் வைத்துக்கொள்ளவே சொல்வேன். அதே பெயரின் சாயலில் வரும் நகல்களிடம் மட்டும் கவனமாக இருங்கள். இன்காக்னிட்டோவைப் பொறுத்தவரை, நீங்களே அனுமதி கொடுத்தாலொழிய குரோமில் எக்ஸ்டென்ஷன்கள் அங்கே இயங்குவதில்லை. எக்ஸ்டென்ஷன்கள் பக்கத்தில் ஒவ்வொன்றின் 'டீடெயில்ஸ்' பொத்தானையும் அழுத்தினால் அந்த அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.