நாஷ்வில்லுக்கு வந்த தம்பிக்கு: பெடல் ஸ்டீலுக்கு எந்த ஆம்ப், எந்தப் பெட்டி?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்த கையோடு பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். வேலைக்காக அமெரிக்காவில் கன்ட்ரி இசைக்குப் பேர் போன நாஷ்வில் வந்து மூன்று மாதம் ஆகிறது, ஊரில் கோட்டுவாத்தியம் வாசித்த கை, இங்கே பத்துத் தந்தி வைத்த பழைய பெடல் ஸ்டீல் ஒன்று (பார் என்ற உலோக உருளையைத் தந்திமேல் நகர்த்தி, காலடிப் பெடலால் சுருதி மாற்றி வாசிக்கிற கித்தார்) வாங்கியாகிவிட்டது, அதற்கு எந்த ஆம்ப், எந்த ஸ்பீக்கர் பெட்டி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும் சொல்கிறீர்கள்: ஒரு ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப், ஒரு பழைய பீவி நாஷ்வில் 400, ஊருக்குத் திரும்பும் அலுவலக நண்பர் மலிவாகத் தருகிற கீபோர்டு ஆம்ப். கூடவே வாடகை, பள்ளிக்கூடம், லைசென்ஸ், மளிகைக் கடை என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியலுக்கு உங்கள் அலுவலகத்திலேயே பத்துப் பேர் பதில் சொல்வார்கள். மளிகைக்கு நோலன்ஸ்வில் பைக் பக்கம் போய்ப் பாருங்கள், கோயில் பெல்வியூவில் இருக்கிறது. மற்றதெல்லாம் தானாகப் பழகிவிடும்.

ஆம்ப் விஷயம் அப்படி இல்லை. அதைப் பற்றி நம்மவர்களில் தெரிந்தவர் அபூர்வம், ஆனால் எல்லோரும் யோசனை சொல்வார்கள். அதனால் முதல் எச்சரிக்கை: அந்தக் கீபோர்டு ஆம்பை வாங்காதீர்கள். நான் வந்த புதிதில் எனக்கும் இதே மாதிரி ஒன்று வந்து சேர்ந்தது. ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு நம்மவர், "எல்லா வாத்தியத்துக்கும் இதுவே போதும்" என்று அடித்துச் சொல்லிக் கையில் திணித்துவிட்டுப் போனார். பனி உறைந்த படிக்கட்டில் அதை மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், ஸ்டீலைச் சொருகி, முதல் தந்தியை மீட்டினேன். கம்பளி போர்த்திக்கொண்டு யாரோ பாடுகிற மாதிரி இருந்தது. வாத்தியத்தில்தான் கோளாறு என்று நினைத்து அந்தக் குளிர்காலம் முழுக்க மனசு உடைந்து கிடந்தேன். வாத்தியத்தில் ஒரு கோளாறும் இல்லை.

காரணம் இதுதான். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற ஸ்டீலின் பிக்கப்பில் மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். அதன் மின்தடை சாதாரணமாக 17, 18 ஆயிரம் ஓம் வரும். அப்படிப்பட்ட பிக்கப்புக்கு ஆம்பின் உள்வாயில், அதாவது ஒயர் சொருகும் இடத்தில், மின்தடை பத்து லட்சம் ஓம் அளவுக்கு இருந்தால்தான் மேல் ஸ்வரங்கள் செத்துப்போகாமல் உள்ளே போகும். கீபோர்டுக்கான உள்வாய்கள் பெரும்பாலும் அதைவிட மிகக் குறைவாக இருக்கும், பிக்கப்பின் உயிரை அங்கேயே உறிஞ்சிவிடும். போதாக்குறைக்கு அதில் கீச்சுக்கென்று ஒரு சின்ன ஹார்ன் வேறு இருக்கும். நடுவில் இருக்க வேண்டிய ஸ்வரம் மங்கிப்போகும், பார் தந்தியில் உரசுகிற சத்தமும் விரலில் மாட்டும் உலோக நகத்தின் சத்தமும் மட்டும் துல்லியமாகக் கேட்கும். ஸ்டீலுக்கு வேண்டியது ஹார்ன் இல்லாத, உச்ச ஒலிகளைத் தானாகவே மட்டுப்படுத்தும் கித்தார் வகை ஸ்பீக்கர்.

அடுத்தது வாட். கித்தார் கடைகளில் விற்கிற பையன்கள், "வீட்டுக்குத்தானே, 20 வாட் போதும்" என்பார்கள். சாதாரண கித்தாருக்கு அது சரி. ஸ்டீல்காரர் வலது காலடியில் வால்யூம் பெடல் இருக்கிறதே, அதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஸ்டீல் வாசிக்கும்போது பெடலைப் பாதி அளவில் வைத்துத்தான் தந்தியை மீட்டுவோம். நாதம் தேய ஆரம்பித்ததும் பெடலை மெல்ல அழுத்தி, தேய்கிற அளவுக்கு ஈடுகட்டிக்கொண்டே போவோம். நீளமாக இழைகிற அந்த ஒலி அப்படித்தான் பிறக்கிறது. பாதிப் பெடலிலேயே அறை நிறைந்தது என்றால் மீதிப் பாதிக்கு ஆம்பிடம் சக்தி மிச்சம் இருக்க வேண்டும். 3 டெசிபல் கூடுதலாகக் கேட்க வாட் இரட்டிப்பாக வேண்டும். 20 வாட் ஆம்ப் அந்த இடத்தில் கரகரக்கத் தொடங்கிவிடும். ராக் கித்தார்காரர்களுக்கு அந்தக் கரகரப்பு அழகு. மூன்று ஸ்வரத்தைச் சேர்த்துப் பிடித்து இழைக்கிற நமக்கு அது சேறு. கோட்டுவாத்தியம் வாசித்த உங்கள் காதுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கமகத்தின் நடுவில் ஸ்வரம் பிசிறினால் உங்களுக்கே பொறுக்காது. குறைந்தது 80 வாட், முடிந்தால் 200. சத்தமாக வாசிப்பதற்காக இல்லை, சுத்தமாகக் கேட்பதற்காக.

ஸ்பீக்கர் 12 அங்குலமா 15 அங்குலமா என்பது இங்கே ஓயாத சண்டை. உங்களுடையது ஒற்றைக் கழுத்து, அதாவது ஒரே வரிசைத் தந்தி, ஈ9 என்ற முறையில் சுருதி சேர்த்தது. அதில் அடியில் இருக்கும் பத்தாவது தந்தி 123 ஹெர்ட்ஸ் பக்கம். சாதாரண கித்தாரின் அடித்தந்தியே 82 ஹெர்ட்ஸ், அதைவிட உங்களுடையது மேலேதான் நிற்கிறது. ஆகவே நல்ல 12 அங்குலம் உங்களுக்குத் தாராளமாகப் போதும். சி6 என்ற முறையில் சுருதி சேர்த்த கழுத்து வேறு விஷயம். அதன் அடித்தந்தி 65 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், அங்கே 15 அங்குலம் இல்லாமல் ருசி வராது. இன்றைக்கு ஈ9 போதும் என்பீர்கள். கோட்டுவாத்தியக் கை அதோடு நிற்காது, என்றைக்காவது இரட்டைக் கழுத்து தேடிப் போவீர்கள். இப்போதே 15 வாங்கிவிட்டால் அன்றைக்கு மாற்ற வேண்டாம் என்பது என் கட்சி.

உங்கள் பட்டியலில் உள்ள ட்வின் அருமையான ஆம்ப். வால்வு, 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். 60-களிலும் 70-களிலும் பல ஸ்டீல்காரர்கள் அதில் ஜேபிஎல் ஸ்பீக்கர் மாட்டி வாசித்தார்கள். ஆனால் எடை சுமார் 29 கிலோ. வால்வு தேயும், மாற்ற வேண்டும். மாடி வீட்டில் இருக்கும் புதியவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஒன்று முக்கியம்: வால்வு ஆம்பை ஸ்பீக்கர் மாட்டாமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள், உள்ளே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பின்பக்கத்தைத் திறந்து கை வைக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டர்களில் ஆளை அடித்துப்போடுகிற அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

நாஷ்வில் 400-க்கு வருவோம். மிசிசிப்பியில் மெரிடியன் என்ற ஊரில் பீவி கம்பெனி செய்தது, 1980-களின் சரக்கு. டிரான்சிஸ்டர், 210 வாட், பிளாக் விடோ என்ற 15 அங்குல ஸ்பீக்கர். பார்க்க ஒரு லட்சணமும் கிடையாது. இந்த ஊர் ஸ்டீல்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு காலத்தில் அதில் வாசித்திருப்பார்கள். அந்த ஸ்பீக்கரில் கூம்பையும் சுருளையும் மட்டும் கழற்றிப் புதிது மாட்டலாம், காந்தம் அப்படியே இருக்கும். கனம் என்னவோ ட்வினுக்குக் குறைந்ததில்லை.

தூக்க முடியாது என்றால் வேறு வழி இருக்கிறது. அதே பீவியின் நாஷ்வில் 112, 80 வாட், ஒரே 12 அங்குலம். அடுக்குமாடி வீட்டுக்கு நல்ல துணை. குயில்டர் கம்பெனியின் ஸ்டீலேர் 200 வாட், எடை குறைவு. இதெல்லாம் பழையதாகவே வாங்கலாம். அப்புறம் தலையையும் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) பெட்டியையும் தனித்தனியாக வைத்துக்கொள்வது. நான் கடைசியில் வந்து நின்றது இங்கேதான். ஒரு கையில் சின்ன ஆம்ப், மறு கையில் ஒற்றை ஸ்பீக்கர் பெட்டி. இடுப்பு பிழைத்தது.

பெட்டியைத் தனியாக வாங்கினால் மரத்தைப் பாருங்கள். பைன் பலகையோ நல்ல பிளைவுட்டோ இருக்கட்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை கனக்கும், மூலைகள் ஈரத்தில் உப்பும். பின்பக்கம் திறந்த பெட்டி அறை முழுக்கச் சத்தத்தைப் பரப்பும், அடிஸ்வரம் கொஞ்சம் தளரும். மூடிய பெட்டியில் அடிஸ்வரம் இறுகிக் கேட்கும், ஆனால் ஒரே திசையில்தான் போகும். ஈ9-க்கு எனக்குத் திறந்ததுதான் பிடிக்கும். ஸ்பீக்கருக்கு எமினென்ஸ் கம்பெனி பெடல் ஸ்டீலுக்கென்றே இபிஎஸ்-15சி என்று ஒன்று செய்கிறது. பக்கத்து மாநிலமான கென்டக்கியில் எமினென்ஸ் என்ற ஊரிலேதான் அந்தக் கம்பெனியும் இருக்கிறது.

ஓம் கணக்கில் கவனமாக இருங்கள். 8 ஓம் பெட்டி இரண்டை வழக்கமான இணைப்பில் மாட்டினால் மொத்தம் 4 ஓம் ஆகிவிடும். ஆம்பின் முதுகில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் டிரான்சிஸ்டர் சூடேறி எரியும். ஆம்புக்கும் பெட்டிக்கும் நடுவே ஸ்பீக்கர் ஒயர்தான் போட வேண்டும், கித்தார் ஒயர் பார்க்க அதே மாதிரி இருந்தாலும் உள்ளே மெலிசு. ஊரிலிருந்து ஆம்ப் கொண்டுவரலாமா என்று கேட்டிருந்தீர்கள், வேண்டாம். அங்கே 230 வோல்ட், இங்கே 120. சுமைக்கூலியில் பாதி ஆம்ப் வாங்கிவிடலாம்.

எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு பெரியவர். இளமையில் பேருந்திலேயே ஊர் ஊராகப் போய் வாசித்தவர். நான் கீபோர்டு ஆம்போடு மல்லாடுகிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டு ஒரு நாள் கதவைத் தட்டினார். பழைய ஆம்ப் வாங்க என்னைக் கூட்டிப்போன அன்றைக்கு அவர் செய்ததைப் பார்த்தீர்களானால் நீங்களும் அப்படியே செய்வீர்கள். முதலில் ஆம்பைப் போடவே இல்லை. பின்பலகையை அவிழ்த்தார், மின்சுற்றுப் பக்கம் கை வைக்காமல் ஸ்பீக்கரை மட்டும் தொட்டார். இரண்டு கைகளின் விரல்களையும் விரித்துக் கூம்பின் மேல் எதிரெதிராக வைத்தார், நாடி பார்க்கிற மாதிரி மெல்ல உள்ளே அழுத்தி விட்டார். காதைக் கிட்டே கொண்டுபோனார். சுருள் காந்தத்தில் உரசினால் மணல் தேய்கிற மாதிரி ஒரு சத்தம் வருமாம். வரவில்லை. அதன் பிறகுதான் சுவிட்சைப் போட்டார். எல்லாக் குமிழையும் ஒவ்வொன்றாகத் திருகிக் கரகரப்பு இருக்கிறதா என்று பார்த்தார். கடைசியில் ஆம்பைத் தரையிலிருந்து தூக்கி ஒரு மர நாற்காலியின் மேல் வைத்தார். அவ்வளவுதான், அடிஸ்வரத்தில் இருந்த குமுகுமுப்பு போய்ச் சத்தம் தெளிந்தது. தரையில் வைத்தால் தரையும் சேர்ந்து பாடும், கீழ்வீட்டுக்காரர் புகார் கொடுப்பதும் அதனால்தான். உங்கள் மாடி வீட்டில் இதை முதல் நாளே செய்யுங்கள்.

எனக்கு ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் இந்த ஊரில் இருபது வருஷம் இருப்பார்கள், ஊர் எதற்குப் பேர் போனது என்று கேட்டால் ஆஸ்பத்திரி என்பார்கள். கன்ட்ரி இசையை மாட்டுக்காரப் பாட்டு என்று ஒதுக்குவார்கள். நம் பழைய சினிமாப் பாட்டுகளில் குழைந்து வந்த ஹவாயன் கித்தாரும் இந்தப் பெடல் ஸ்டீலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். விழாவுக்கு நான் ஸ்டீலைத் தூக்கிக்கொண்டு போனால், "கரோகி டிராக் இருக்கே, எதுக்கு சார் சிரமம்?" என்று கேட்டவர்களும் உண்டு. அதே நான் சனிக்கிழமை இரவுகளில் முதியவர்கள் நடனமாடும் ஒரு கூடத்தில் வாசிக்கிறேன். வால்ட்ஸ் தாளத்தில் ஒரு மெதுவான பாட்டின் நடுவே சஹானா மாதிரி ஒரு வளைவு வந்து விழும். ஆடிக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த இடத்தை எனக்கு எந்தச் சங்கமும் கொடுக்கவில்லை, நானே போய் உட்கார்ந்து பிடித்தது. எந்தப் பொருளைப் பார்த்தாலும் டாலரை ரூபாயில் பெருக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் இது நடந்திருக்காது. நீங்களும் அந்தப் பெருக்கலை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை. லோயர் பிராட்வேயில் ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்டு என்று ஒரு இடம் இருக்கிறது, பழைய பாணிக் கன்ட்ரி அங்கேதான். கூட்டம் சேர்வதற்கு முன்னால் போங்கள், ஸ்டீல்காரரின் ஆம்ப் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். அவர் பெடலை எங்கே வைத்து மீட்டுகிறார் என்று காலைப் பாருங்கள். ஜாடி சுற்றி வரும்போது தயங்காமல் காசு போடுங்கள், அந்தத் தெருவில் வாசிப்பவர்களின் வருமானத்தில் பெரும்பங்கு அந்த ஜாடிதான். இடைவேளையில் போய்க் கேட்டால் ஸ்டீல்காரர்கள் ஆம்பைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

சரி, மூன்றில் எது என்றால் நாஷ்வில் 400. உங்கள் ஸ்டீலையும் வால்யூம் பெடலையும் எடுத்துக்கொண்டு போய், உட்கார்ந்து, ஆம்பை முதுகுக்குப் பின்னால் வைத்து வாசித்துப் பாருங்கள், நின்றுகொண்டு கேட்காதீர்கள். நடு ஒலிக்கான ஷிஃப்ட் குமிழை 800 ஹெர்ட்ஸ் பக்கம் திருப்பி மிட்டைக் குறையுங்கள், மூக்கால் பாடுகிற குணம் போய்விடும். கரகரப்போ ஓயாத உறுமலோ இருந்தால் கப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும். பழுது பார்க்கிற செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். மாற்றுகிற வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். குளிர் நாளில் காரிலிருந்து இறக்கிய கையோடு சுவிட்சைப் போட வேண்டாம், உள்ளே கோத்த ஈரம் காய ஒரு மணி நேரம் விடுங்கள். சக்கரம் வைத்த சின்னத் தள்ளுவண்டி ஒன்றும் வாங்கிவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது.